சித்திரவேணிக்கு முகம் வைத்த கதை

ஜமீலுன்னிசாவுக்குத் தெருப் பக்கம் முகம் கிடையாது. கொல்லைப் பக்கம் உண்டு. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அவள் வீட்டுக் கொல்லையையும் எங்கள் வீட்டுக் கொல்லையையும் ஒரே சுவர்தான் பிரித்தது. அவள் பக்கத்தில் ஒரு கல்தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றால் மோவாய்வரை தெரிவாள். பல வருஷங்களாக எனக்கு அவளைப் பழக்கம் அப்படித்தான்: சுவருக்கு மேலே ஒரு தலை, அதன் பின்னால் உலர்த்திய துணி, ஒரு முருங்கைக் கிளை.

அழகி என்று சொல்ல மாட்டேன். உருண்டை முகம். சிரிக்கும்போது ஒரு கன்னம் மட்டும் மேலே ஏறும், மற்றது யோசித்துவிட்டு ஏறும். பேச்சில் நல்ல காரம். வீட்டில் பேசுவது உருது என்றாலும் புருஷனோடு சண்டை என்றால் தமிழுக்கு மாறிவிடுவாள். "உருதுல அவருக்கு வாய் ஜாஸ்தி, நீரஜாம்மா. தமிழ்ல வந்தா நான் ஜெயிப்பேன்" என்பாள்.

தெருப் பக்கம் அவள் ஒரு திரைச்சீலை. பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா வீடுகளில் வாசற்படிக்கு உள்ளே கனத்த துணியைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்நியர் யார் வந்து கூப்பிட்டாலும் துணிக்குப் பின்னாலிருந்து ஒரே பதில் வரும்: "வூட்ல ஆம்பளைங்க இல்லை." கீரைக்காரி வந்தால் துணியின் ஓரம் கொஞ்சம் விலகி ஒரு கை நீளும், கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகும். ஹகீம் வந்தால் நாடி பார்ப்பதற்கும் அதே கைதான் நீளும். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. அந்தச் சந்தில் பாதி வீடுகள் அப்படி.

அவள் புருஷன் ஹபீபுர் ரஹ்மான் தச்சர். அடையாற்றில் ஒரு தோட்ட பங்களாவை வாடகைக்கு எடுத்து நடந்த சினிமா ஸ்டூடியோவில் வேலை. பலகையும் சாக்கும் சுண்ணாம்பும் கொண்டு அரண்மனை எழுப்பி, பிறகு அதையே பிரித்துக் கோயில் எழுப்புவார். அமைதியான மனிதர். வேலையில் தன்னை விடச் சின்னவன் மேஸ்திரியாக இருக்கிறான் என்பது ஒன்றுதான் அவர் வாய்விட்டுச் சொன்ன குறை. பிள்ளை இல்லாத வீடு. அந்தக் குறையை இருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியான வருஷத்துக்கு மறு வருஷம். ஸ்டூடியோவில் பேய்ப் படம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். டைரக்டர் பெயர் ஸ்ரீரங்கன். பேயாக நடிக்க வேண்டிய நடிகை கும்பகோணத்துக்கு ஓடியவள், திரும்பி வர மாட்டேன் என்று தந்தி அடித்துவிட்டாள். ஒரு மத்தியானம், செட் விஷயமாக ரஹ்மானைத் தேடிக்கொண்டு ஸ்ரீரங்கன் எங்கள் சந்துக்கு வந்தார். வெயிலில் நடந்த களைப்பு. வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வூட்ல ஆம்பளைங்க இல்லை."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். துணி விலகியது. கை மட்டும் ஒரு தம்ளரோடு வெளியே வந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை அந்தக் கை காலியாக, விரித்தபடி, காற்றில் அப்படியே நின்றது. பிறகு தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் அவர் ரஹ்மானிடம், "பாய், பட்டப்பகல்ல உங்க வாசல்ல எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு" என்றாராம். மறுநாள், உங்கள் வீட்டம்மாவே பேயாக நடிக்கட்டுமே என்று கேட்டார். ரஹ்மான் இரண்டு நாள் யோசித்தார். மூன்று நிபந்தனை வைத்தார். முகம் தெரியக் கூடாது. திரைக்கு அந்தப் பக்கம், அவள் நிற்கும் இடத்தில் எந்த ஆணும் வரக் கூடாது. பேர் எங்கும் வரக் கூடாது. ஸ்ரீரங்கனுக்கும் வேறு வழி இல்லை. யுத்த காலம், பிலிம் சுருளுக்கு ரேஷன். இன்ன அடிக்கு மேல் படம் நீளக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. வீணாக்கிப் பழக ஒரு அடி பிலிம்கூட அவரிடம் இல்லை. ஜமீலுன்னிசா துணி சுற்றிய ஜட்காவில் அடையாறு போனாள். ரஹ்மானே செய்த கதவுக்குப் பின்னால், ரஹ்மானே தொங்கவிட்ட துணிக்குப் பின்னால் நின்று, தினமும் வீட்டில் செய்வதையே செய்துவிட்டு வந்தாள்.

அந்தப் படம்தான் "சித்திரவேணி". நான் லேசில் எதையும் பாராட்டுகிறவள் அல்ல; அதிலும் பாட்டுகள் மோசம், கதாநாயகன் கட்டை. ஆனால் ஒருவன் பழைய மாளிகை ஒன்றை வாங்குகிறான், தாழ்வாரத்துக் கோடியில் ஒரு திரை தொங்குகிறது, கூப்பிட்டால் உள்ளிருந்து சாவதானமாக ஒரு குரல், "வீட்டில் ஆண்கள் இல்லை." தண்ணீர் கேட்டால் ஒரு கை. தண்ணீர் குடித்தவனை நாம் பிறகு பார்ப்பதில்லை. தம்ளர் மட்டும் தாழ்வாரத்தில் உருண்டு கிடக்கும். யார் அவள், என்ன கோபம், ஆண்கள் எங்கே போனார்கள், எதற்கும் படத்தில் பதில் கிடையாது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

ஊர் நடுங்கியது. எங்கள் வீட்டிலேயே சில நாள் யாரும் யார் கையிலிருந்தும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவரவர் குடத்தில் மொண்டு குடித்தோம். கீரைக்காரி முத்துலட்சுமி ஜமீலுன்னிசாவின் வாசலுக்கு வந்து, தூரத்திலேயே நின்று சொன்னதை நானே கேட்டேன்.

"பாயம்மா, நீ பேசாதே. கையையும் நீட்டாதே. நான் கூடையை இங்க வச்சுட்டுத் திரும்பி நிக்கறேன். வோணுங்கறதை எடுத்துக்கோ."

"ஏன்டி, நான் இன்னா உன்னை முழுங்கிடுவேனா?"

"அந்தப் படத்துலயும் இப்படித்தான் கொரல் நல்லா இருந்துச்சு."

அதைச் சொல்லிச் சொல்லிக் கல்தொட்டிமேல் நின்றுகொண்டு ஜமீலுன்னிசா சிரித்தாள். கொட்டகையில் பெயர்ப் பட்டியலில் "சித்திரவேணி" என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள். அது யார் என்று பத்திரிகைகள் மாதக் கணக்கில் ஆராய்ந்தன. பம்பாய் நடிகை என்றது ஒன்று. ஆண் வேஷம் என்றது இன்னொன்று. அதையெல்லாம் என்னை வாசிக்கச் சொல்லிச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நெஜத்தைச் சொல்லுங்க நீரஜாம்மா, நல்லா செஞ்சேனா?"

"பயமா இருந்தது" என்றேன்.

"அது போதும்" என்று இறங்கிப் போனாள். அவளைத் தவிர இந்த ரகசியம் தெரிந்தவர்கள் ரஹ்மான், ஸ்ரீரங்கன், நான். அது அவளுக்குப் பெரிய சொத்து போல இருந்தது.

யுத்தம் முடிந்தது. பிலிம் கட்டுப்பாடு நீங்கியது. ஸ்ரீரங்கன் தியாகராய நகரில் வீடு கட்டி, கார் வாங்கி, பெரிய மனிதராகியிருந்தார். "சித்திரவேணி" ஓடியதற்குத் தன் மூளைதான் காரணம் என்று பேட்டிகளில் சொன்னார். அதுவும் ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் இல்லாதவை எல்லாம் யுத்தம் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டவை என்று அவர் மனசார நம்பினார். முகம் இல்லாமல் போனது பிலிம் இல்லாமையால். ரத்தம் இல்லாமல் போனதும் அதனால்தான். ரஹ்மானின் மூன்று நிபந்தனைகளை அவர் மறந்தே போயிருந்தார். "சித்திரவேணியின் சபதம்" என்று இரண்டாவது படம் அறிவித்தார். ஒரு கதையை முடித்த பிறகு அதன் வாலைப் பிடித்து இன்னொன்று எடுப்பது இங்கே அப்போது புதுசு. சுவரொட்டியைப் படம் எடுப்பதற்கு முன்பே ஒட்டிவிட்டார்கள்: "அதே சித்திரவேணி! இம்முறை முகத்துடன்!"

அவள் அந்தச் சுவரொட்டியைப் பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"யார் மொகத்தோட?" என்றாள்.

அன்று மாலையே பதில் தெரிந்தது. ரஹ்மான் சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார். தமிழில் நடந்தபடியால் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"ஐயா ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. படம் ஆரம்பிக்கற அன்னிக்கு என்னை மேஸ்திரியாப் போடறேன்னுட்டாரு."

"அன்னிக்கு மொகம் காட்டக் கூடாதுன்னு சொன்னது யாரு? நானா?"

"அன்னிக்கு வேற. இப்ப வேற."

"இப்ப இன்னா, என் மூஞ்சி மாறிப்போச்சா?"

"கேளு ஜமீலா. மூஞ்சி பூரா ரத்தம் பூசிடுவாங்க. உன்னைப் பெத்தவங்க வந்து பார்த்தாக்கூடத் தெரியாது."

"தெரியாத மூஞ்சியை எதுக்குங்க காட்டணும்?"

ரஹ்மான் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாளிலிருந்து வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். கோபமாகப் பேசினால்கூட அவளுக்குத் தமிழ் இருந்தது. அவர் பேசவே இல்லை. நீ வராவிட்டால் கைக்கும் குரலுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன், மேஸ்திரிக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று ஸ்ரீரங்கன் சொன்னதை மட்டும் ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனையோ நூல்களில் மானம் என்பதைப் பற்றிப் படித்திருக்கிறேன். மனிதனுக்குள்ளே இருக்கிறது, பிறர் தரவும் முடியாது பறிக்கவும் முடியாது என்று எழுதியிருக்கும். எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஜமீலுன்னிசாவின் மானம் ரஹ்மானின் பெட்டியில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் அவர் அதைப் பூட்டினார். இப்போது மேஸ்திரி வேலைக்காகத் திறந்தார். சாவி அவள் கையில் எப்போதும் இல்லை.

நான் அவள் சார்பில் கோபப்பட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு தபா பார்த்துடட்டுமேன்னுகூடத் தோணுது."

"யாரு?"

"ஊரு. வெறும் கையைப் பார்த்தே அப்படிப் பயந்தாங்களே. மூஞ்சியைப் பார்த்தா?"

கன்னம் ஒன்று மேலே ஏறியது, மற்றது ஏறவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று புரிந்தது. புருஷனுக்காகப் பாதி. மறு பாதி எதற்காக என்று எனக்கு அப்போதே தெரியும். அவள் இத்தனை காலமும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எடுத்து வைக்கப் போகிறாள். வைத்தால் அது என்ன விலை பெறும் என்று பார்க்க ஆசை.

படப்பிடிப்புக்கு அவளைக் காரில் அழைத்துப் போனார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக்கு மதிப்பில்லை. கெட்டியாக, கறுப்பாக வழிந்தால் அது ரத்தம். சர்க்கரைக்கு நாங்கள் ரேஷன் கடை வாசலில் வரிசை நின்ற அந்த நாளில், ஸ்டூடியோவில் அண்டா அண்டாவாக வெல்லம் காய்ச்சி, விளக்குக் கரியைக் கலந்து பாகாக்கினார்கள். அதைத் தலையிலிருந்து ஊற்றினார்கள். முதல் நாள் முடிந்து வந்தவள் மறுநாள் மத்தியானம்தான் தொட்டிமேல் ஏறினாள். நெற்றி ஓரத்தில் எறும்பு கடித்த தடிப்பு.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"புர்காவைக் கழட்டினேன். சுத்தி எவ்ளோ ஆம்பளைங்க. விளக்குப் பிடிக்கறவன், டீ கொடுக்கறவன், பாட்டு எழுதறவன்கூட உக்காந்துகினு கீறான். அல்லா, என்னைப் பார்க்கப் போறாங்களேன்னு கண்ணை மூடிக்கினேன்."

"அப்புறம்?"

"யாரும் என்னைப் பார்க்கல நீரஜாம்மா. பாகு சரியா வழியுதான்னு பார்த்தாங்க."

ஸ்ரீரங்கன் அவளிடம் கண்ணை அகல விரி, பல்லைக் காட்டு, நாக்கை நீட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். போன தடவை அவர் எதுவும் சொல்லவில்லையே என்று அவள் கேட்டாளாம். "போன தடவை நீ தெரியலையேம்மா. இந்தத் தடவை தெரியறே. தெரிஞ்சா ஏதாவது செய்யணும்" என்றார். இதைவிட உண்மையாக அவர் தன் வாழ்நாளில் எதையும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னதன் அர்த்தம் அவருக்கே எட்டவில்லை.

படம் கோடை லீவில் வந்தது. மாம்பலத்துக் கொட்டகைக்கு நானும் அவளும் போனோம். ரஹ்மான் ஜட்கா பேசி அனுப்பிவிட்டுத் தான் வரவில்லை. அவள் புர்காவோடு பெண்கள் பக்கத்து பெஞ்சில் என் அருகே உட்கார்ந்தாள். படம் தொடங்குமுன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன. உலகமே பயந்த விரல்கள்.

அந்தப் படத்தின் குறைகளை எழுத ஒரு தனிப் புத்தகம் வேண்டும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். முக்கியமானதைச் சொல்கிறேன். முதல் அரை மணியில் ஐந்து கொலை. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நிதானமாக. ஒருவன் தலை படியில் உருள்கிறது. அந்தத் தலை களிமண் என்பது அது விரிசல் விட்டபோது தெரிந்தது. ஒருவன் வயிற்றிலிருந்து குடலை இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க வருகிறது, கிணற்றுக் கயிறு போல. செத்துக் கிடப்பவன்மேல் வெல்லத்துக்கு வந்த ஈக்கள் மொய்க்க, பாவம் அவன் மூக்கைச் சுளித்துக் கண்ணைச் சிமிட்டினான். தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எழுந்து ஈயை ஓட்டிட்டுப் படு நைனா, நாங்க பார்க்கல."

கொட்டகை இடிந்துவிடும் போலச் சிரிப்பு. அதன் பிறகு மக்கள் சிரிப்பதற்காகவே காத்திருந்தார்கள். முதல் படத்தில் எவருக்கும் தெரியாமலிருந்ததை எல்லாம் இதில் சித்திரவேணியே சொன்னாள், முகாரி ராகத்தில், எட்டு நிமிஷம்: என்னை இன்னான் ஏமாற்றினான், இன்னான் கொன்றான், ஆகவே சபதம். கோபத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் பேய் வெறும் கக்ஷிக்காரி ஆகிவிடுகிறாள். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தோன்றுகிறதே தவிர பயம் வருவதில்லை. இடையில் ஹாஸ்ய நடிகர் இருவர் குடலைக் கண்டு பயந்து ஓடினார்கள். யாரும் பயப்படாததால் அவர்களாவது பயந்தார்கள்.

கயிற்றைப் பாம்பாக நினைத்து நடுங்குகிறவனின் உதாரணம் எங்கள் வீட்டு வேதாந்தப் புத்தகங்களில் அடிக்கடி வரும். விளக்கு வந்ததும் பாம்பு போய்விடும், கயிறு மிஞ்சும் என்பார்கள். அது ஞானத்துக்கு நல்ல வழி. பேய்ப் படத்துக்கு நாசம். ஸ்ரீரங்கன் மூன்று மணி நேரம் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாருங்கள், எவ்வளவு பெரிய பாம்பு" என்று கயிற்றைக் காட்டினார்.

கடைசியில் அந்த இடம் வந்தது. தாழ்வாரம். திரை. பழைய இடம்தான். கொட்டகை கொஞ்சம் அடங்கியது. முதல் படம் பார்த்தவர்களின் மூச்சு மாறியதை நான் உணர்ந்தேன். ஜமீலுன்னிசாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. "வீட்டில் ஆண்கள் இல்லை" என்ற குரல் வந்தது. அது அவள் குரல்தான், அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. யாரோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அந்த ஒரு கணம் படம் பிழைத்தது என்று நினைத்தேன்.

திரை விலகியது. முகம். படம் விழும் வெள்ளைத் துணி அளவுக்குப் பெரிய முகம். கண் பிதுங்க, பல் தெரிய, நாக்கு தொங்க, பாகு வழிய.

"அம்மா தாயே," என்றது அதே தரை டிக்கெட் குரல், "போய் மூஞ்சி கழுவிக்கினு வா. நாங்க இருக்கோம்."

பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். என் முன் பெஞ்சுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அழுத குழந்தை, அம்மா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தது. என் மணிக்கட்டிலிருந்து அவள் கை மெதுவாக விலகியது.

ஜட்கா லஸ் முனையைத் தாண்டியதும் கேட்டாள்.

"நான் சொன்னபடிதானே செஞ்சேன்?"

"நீ செஞ்சதுல குறையில்லை ஜமீலா."

"அப்போ மூஞ்சிலதான் குறை."

அப்படி இல்லை, யார் முகமாக இருந்தாலும் அந்தப் பாகுக்கு அடியில் அதுதான் கதி, காட்டினவன் தப்பு என்றெல்லாம் விளக்கினேன். கயிறு பாம்பையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க புஸ்தகம் படிச்சவங்க," என்றாள். "கையைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கல."

அடுத்த வாரங்களில் அவள் ஒன்றுக்காகக் காத்திருந்தாள். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனாலும், இன்னார் பெண்டாட்டி சினிமாவில் முகம் காட்டினாள் என்று தெருவில் பேச்சு எழும், உறவுக்காரர்கள் வந்து கேட்பார்கள், மசூதிப் பக்கம் ரஹ்மானைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தாள். அதற்கான பதில்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். சுவரருகே என்னிடம் சொல்லிப் பார்த்தாள். நல்ல பதில்கள். அவமானம் வந்திருந்தால் அதைத் தாங்கியிருப்பாள். அது வரவில்லை. ஒரு ஆள் அவளை அடையாளம் காணவில்லை. ரஹ்மான் சொன்னது பலித்தது. கொட்டகை வாசல் படங்களில் கேள்விக்குறிக்குப் பதிலாக "மிஸ் மாலினி" என்று ஸ்ரீரங்கன் ஒரு பேர் போட்டிருந்தார். அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை. ஊர் அவளைப் பம்பாய்க்காரி என்று முடிவு செய்துவிட்டது.

"யாருக்கும் தெரியல, நல்லதாச்சு" என்று ரஹ்மான் தினம் ஒருதரம் சொன்னார். அந்த வார்த்தை அவளை எப்படிச் சுட்டது என்று அவருக்குத் தெரியாது. படம் மூன்றாம் வாரமே பெட்டிக்குள் போனது. ஸ்டூடியோவை முதலாளி விற்றார். வாங்கியவர் தன் ஊர்த் தச்சனை மேஸ்திரியாகக் கொண்டுவந்தார். ரஹ்மான் பழையபடி பலகைகளை அறுத்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ராயப்பேட்டையில் ரஹ்மானின் தங்கை சகினா வீட்டில் ஒரு கல்யாணம். பெண்கள் இருக்கும் பின்கட்டில், பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பேச்சு சினிமாவுக்குப் போயிற்றாம். நடந்ததை ஜமீலுன்னிசாவே அடுத்த நாள் எனக்குச் சொன்னாள்.

சகினா சொல்லியிருக்கிறாள்: "அந்த மொதப் படத்துல கை நீட்டினாளே, அவளைப் பார்த்து எனக்கு ஒரு வாரம் ஜுரம். ரெண்டாவதுல ஒரு கொரங்கைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்க. வேற பொம்பளை."

ஜமீலுன்னிசா கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டும் ஒரே பொம்பளைதான்."

"உனக்கு எப்படித் தெரியும் பாபி?" என்றாள் சகினா. அண்ணிக்கு அவர்கள் வீட்டில் பாபி.

"நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். கொட்டகையில் சிரித்ததைவிட அதிகமாக. சகினா அவள் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"ஐயோ பாபி, கீரைக்காரிக்கு முன்னாலயே வராதவ நீ. அண்ணன் உன்னை விட்டுடுவாரா? அவ பம்பாய்க்காரி. மிஸ் மாலினி."

"மாலினின்னு யாரும் இல்லை. சத்தியமாச் சொல்றேன், நான்தான். உங்க அண்ணனையே கேளு."

கேட்டார்கள். ஆண்கள் பக்கத்துக்கு ஆள் அனுப்பி, ரஹ்மானை நடைவாசல்வரை கூப்பிட்டு, சகினா சிரித்தபடியே கேட்டாள்: "அண்ணா, பாபி சினிமாக்காரியாம், நெஜமா?"

அவர் உள்ளே பார்க்கவில்லை.

"வெங்காயம் தலைக்கு ஏறிடுச்சு போல," என்றார். மறுபடி சிரிப்பு. அவரும் கொஞ்சம் சிரித்தாராம்.

இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். வீடு திரும்பிய பிறகு அவர் பயந்துபோய், "ஏன் அப்படிச் சொன்னே? யாராச்சும் நம்பியிருந்தா?" என்று கேட்டிருக்கிறார்.

"பயப்படாதீங்க. ஒருத்தரும் நம்பல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னாராம் ரஹ்மான். கல்யாண வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை, பசிக்கிறது, ஏதாவது இருந்தால் போடு என்றாராம். அவள் போட்டாள்.